சொல் ஓயும் ஆடுகளம்: நடனக்கூடத் திரைப்படங்களில் மொழியின் இடம்

திருவனந்தபுரத்தின் பழவங்காடி என்னும் இடப்பெயர் பழ, அங்காடி என்னும் இரு கூறுகளும் வகர உடம்படுமெய் பெற்றுப் புணர்ந்து அமைந்ததாகக் கொள்ளத்தக்கது. பழைய கடைத்தெரு என்பது அதன் பொருள். கிழக்கேகோட்டைக்கும் சாலைக் கடைவீதிக்கும் அருகே அமைந்த இப்பகுதியில் தமிழும் மலையாளமும் நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருகின்றன. கணபதி கோயிலில் தேங்காய் உடைபடும் ஓசை அடுத்தடுத்து எழுந்தவண்ணம் இருக்கும். அண்மையிலுள்ள ஸ்ரீபத்மநாபா திரையரங்கு, கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் அரங்குகளுள் ஒன்றாகவும் இருந்து வந்துள்ளது. ஒரே வட்டாரத்தில் தமிழ்ப் படத்தின் இரவுக் காட்சியையும் ஐரோப்பியப் படத்தின் இரவுக் காட்சியையும் காணும் வாய்ப்பு இவ்வூர்ப் பார்வையாளர்க்கு உண்டு. இரண்டிலும் நடனக்கூடம் வரும். ஆனால் அவை ஒரே இடமாகத் தோன்றுவதில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஒழுக்கத்தில் தேடுவதைவிட மொழியில் தேடுவது பயன் தரும்.

அங்காடி என்னும் சொல் சங்க வழக்கு. மதுரைக்காஞ்சி பகற்கடையை நாளங்காடி என்றும் இரவுக்கடையை அல்லங்காடி என்றும் பிரித்துரைக்கும். இரவின் ஆரவாரத்தை அந்நூல் கம்பலை என்னும் சொல்லால் சுட்டுகிறது. இச்சொல்லைச் சும்மை, கலி, அழுங்கல் என்பவற்றோடு சேர்த்து அரவப் பொருள் தருவதாகத் தொல்காப்பிய உரியியல் தொகுத்துரைக்கிறது. பொருள் விளங்காது, ஓசையாக மட்டும் கேட்கும் மக்கள் திரளின் ஒலிக்குத் தமிழில் நான்கு சொற்கள் இருந்தன என்பதும் அவற்றை ஆண்ட புலவர் அவ்வொலியைப் பழிக்கவில்லை என்பதும் கருதத்தக்கன. இன்றைய திரைப்படத் திறனாய்வில் இதற்கு நிகரான சொல் இல்லை. இரைச்சல் என்னும் ஒரு சொல்லே உண்டு. அது தீர்ப்பையும் தன்னுள் கொண்டு வருகிறது.

கிளப் என்னும் கடன்சொல்லின் வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. தமிழகத்தில் இச்சொல் முதலில் பரவலாக வழங்கியது சிற்றுண்டிக் கடையைக் குறித்தே. காபி கிளப், கிளப்புக் கடை என்பன இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி எழுத்துகளில் இயல்பாகக் காணப்படும். இட்டிலியும் காபியும் கிடைத்த இடம் அது. பின்னர்த் திரைப்பட வழக்கில் கிளப் டான்ஸ் என்னும் தொடர் நிலைபெற்றது. இத்தொடரில் ஆடுபவர் ஒருவர், காண்பவர் பலர். மேசையைச் சூழ்ந்து அமர்ந்த ஆடவர், கையில் கோப்பை, மேடையில் ஒரு பெண், ஓரத்து மேசையில் வில்லன் என்னும் அமைப்பு ஏறத்தாழ மாறாத வாய்பாடாயிற்று. 1980களில் டிஸ்கோ என்னும் சொல் நடிகை ஒருவரின் பெயருக்கு முன்னொட்டாகவும் வந்து சேர்ந்தது. ஓர் இசைவகையின் பெயர் ஆளின் அடைமொழியானது மொழியியல் நோக்கில் சுவையான செய்தி. ஆனால் ஆடுவோர், காண்போர் என்னும் பிரிவு அப்போதும் மாறவில்லை.

மேலைநாட்டு நடனக்கூடத்தின் அடிப்படையே வேறு. அங்குக் காண்போர் என்று தனியே ஒருவரும் இல்லை. தமிழ் மரபில் இதற்கு ஒப்புமை கூத்து அன்று, குரவையே. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையிலும் குன்றக் குரவையிலும் ஆடுவோர் கைகோத்து வட்டமாக நிற்பர். கூத்து காண்பதற்கு உரியது; குரவை கலந்துகொள்வதற்கு உரியது. குரவை என்னும் சொல் வழக்கொழிந்து நூல்வழக்காகிவிட்டது. கூத்து என்னும் சொல்லோ கூத்தடித்தல் என இழிபொருளையும் பெற்றுவிட்டது. ஆகவே, பலரும் ஒருங்கே ஆடும் களத்தைத் திரையில் காணும் தமிழ்ப் பார்வையாளருக்கு அதைப் பழியின்றிப் பெயரிட்டு அழைக்கச் சொல் அகப்படுவதில்லை. டி.ஜே. எனப்படுபவரை ஆட்டுவிப்போர் என்னும் பிறவினைப் பெயரால் குறிக்கலாம். அவர் ஆடுவதில்லை, பிறரை ஆட்டுவிக்கிறார்.

மின்னணு நடன இசை பற்றிய படங்களுக்கு ஓர் இயற்கையான இடர்ப்பாடு உண்டு. அவ்விசையில் சொல் குறைவு. அது ஒலிக்கும் இடத்தில் பேச்சும் கேளாது. உரையாடலால் கதை சொல்லிப் பழகிய திரைப்படம் இவ்விடத்தில் என்ன செய்கிறது என்பதே இவ்வகைப் படங்களை மதிப்பிடும் அளவுகோலாகத் தக்கது.

இவ்வளவுகோலின்படி முதலிடம் தரத்தக்கது மைக்கேல் டவ்ஸ் இயக்கிய ‘இட்ஸ் ஆல் கான் பீட் டாங்’ (2004). இதன் தலைப்பே ஒரு மொழியாட்டம். பீட் டாங் என்பவர் பிரித்தானிய வானொலியில் புகழ்பெற்ற டி.ஜே. அவர் பெயர், பிழை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லோடு எதுகைபோல் இயைவதால், இலண்டன் கொச்சை வழக்கில் அச்சொல்லுக்கு மாற்றாகவே ஆளப்பட்டது. எல்லாம் கெட்டுப்போயிற்று என்பதே தலைப்பின் பொருள். கதைத்தலைவன் ஃபிராங்கி வைல்ட் இபிஸா தீவில் கொடிகட்டிப் பறக்கும் டி.ஜே.; போதைக்கு அடிமை; படிப்படியாகச் செவிப்புலனை இழக்கிறான். ஆவணப்படம் போன்ற நடிப்புடன் தொடங்கும் இப்படத்தின் முற்பகுதி கேலியும் ஆரவாரமும் மிக்கது. ஓரளவு சலிப்பும் தருவது. செவி முற்றும் அடைபட்ட பின்னரே படம் தன் பொருளைக் கண்டடைகிறது. செவிப்புலனற்ற பெண்ணொருத்தி அவனுக்கு உதட்டசைவால் பேச்சை அறியக் கற்பிக்கிறாள். பேச்சொலியைச் செவிப்புலனாக மட்டுமே கருதுவோர்க்கு இக்காட்சிகள் நல்ல பாடம். பேச்சு வாயின் அசைவாகவும் கண்ணுக்குப் புலப்படுகிறது. அடுத்து அவன் இசையையும் அவ்வாறே மீட்கிறான். ஒலிபெருக்கியின் அதிர்வைக் காலால் உணர்கிறான். ஒலியலைகளைத் திரையில் கண்டு தாளங்களை இணைக்கிறான். நடன இசை செவியைவிட உடலுக்கு உரியது என்னும் கருத்தை எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே படம் நிறுவிவிடுகிறது. போதையைப் பற்றி இப்படம் இரக்கமின்றிப் பேசுகிறது என்பதும் கூறத்தக்கது. ஆடுகளத்தை விரும்பும் படம் அதன் கேட்டை மறைக்க வேண்டுவதில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்பன பேசித் தீராத படங்கள். கார்டிஃப் நகரத்து நண்பர் ஐவரின் ஒரு வார இறுதியைக் காட்டும் ‘ஹியூமன் டிராஃபிக்’ (1999) அத்தகையது. அதில் பாத்திரங்கள் கேமராவை நோக்கியும் பேசுவர். மைக்கேல் வின்டர்பாட்டத்தின் ‘24 அவர் பார்ட்டி பீப்பிள்’ (2002) மான்செஸ்டரில் 1982இல் தொடங்கி 1997இல் மூடப்பட்ட ஹசியெண்டா நடனக்கூடத்தின் கதையைச் சொல்கிறது. அதிலும் டோனி வில்சன் பாத்திரம் இடைவிடாது விளக்கம் தருகிறது. இரண்டும் சுவையானவை. எனினும் ஆடுகளம் இவற்றில் பேச்சுக்கு இடைவேளையாகவே அமைகிறது.

மியா ஹான்ஸன்-லோவின் ‘ஈடன்’ (2014) அமைதியான படம். இயக்குநரின் தமையனும் திரைக்கதையில் பங்கேற்றவருமான ஸ்வென் ஹான்ஸன்-லோவின் டி.ஜே. வாழ்க்கையைத் தழுவியது. பாரிசில் 1990களின் தொடக்கத்தில் புறப்படும் இளைஞன் இருபது ஆண்டுகள் பிறரை ஆட்டுவித்துக் கடனாளியாக எஞ்சுகிறான். அவன் தோழர்களாக வரும் டாஃப்ட் பங்க் இருவரும் உலகப்புகழ் பெறுகின்றனர். முகமூடியின்றி வருவதால் நடனக்கூட வாயிலில் அவர்களை அடையாளம் காணாமல் தடுக்கும் நகைச்சுவை படத்தில் மீண்டும் வருகிறது. திருப்பங்களை இப்படம் வேண்டுமென்றே தவிர்க்கிறது. ஒரே தாளம் சிறுசிறு மாற்றங்களோடு நீளும் இசையைப்போல் ஆண்டுகள் கழிகின்றன. இசையின் அமைப்பையே கதையின் அமைப்பாக்கியது இப்படத்தின் வெற்றி. பொறுமையற்றோர்க்கு அதுவே குறையாகவும் தோன்றும். இறுதியில் தலைவன் கையில் எஞ்சுவது ஒரு கவிதைநூல். ராபர்ட் க்ரீலியின் ‘தி ரிதம்’ என்னும் கவிதையோடு படம் முடிகிறது. சொல் குறைந்த இசையில் வாழ்ந்தவன் சொல்லுக்குத் திரும்புகிறான்.

பிரையன் வெல்ஷின் ‘பீட்ஸ்’ (2019) ஒரு சட்டத்தைப் பின்னணியாகக் கொண்டது. பிரித்தானியாவின் 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், திறந்தவெளி இரவு ஆட்டங்களைக் கலைக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு அளித்தது. அதன்பொருட்டு இசைக்கு ஒரு வரையறை வேண்டியிருந்தது. அடுத்தடுத்து மீளும் தாள அடிகளைப் பெரும்பான்மைப் பண்பாகக் கொண்ட ஒலிகளையும் அச்சட்டம் இசையுள் அடக்கிற்று. இசையின் ஒரு பண்பைச் சட்டமே இலக்கணம் போல் வகுக்க முனைந்த அரிய நிகழ்வு இது. ஆட்டெக்ர் என்னும் இசைக்குழு அதே ஆண்டில் தாள அடிகள் மீளாதவாறு அமைத்த ஒரு பாடலை வெளியிட்டு மறுமொழி தந்தது. படமோ ஸ்காட்லாந்தின் இரு சிறுவர்கள் ஓரிரவு ஆட்டத்திற்குச் செல்வதை மட்டும் கூறுகிறது. கறுப்பு வெள்ளையில் நகரும் படம் ஆட்டத்தின் உச்சத்தில் வண்ணம் பெறுகிறது. அந்நேரத்தில் உரையாடல் இல்லை.

மீள்தாளம் குற்றமாயின் கேரளத்துச் செண்டை மேளம் முதற் குற்றவாளியாகும். பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என ஐந்து காலங்களில் சுருங்கி விரைவு பெறும். சூழ்ந்து நிற்போர் கையை உயர்த்தி அசைத்துக் காலம் மாறும் இடத்தை எதிர்நோக்குவர். அங்கும் சொல் இல்லை. அதனை எவரும் பொருளற்ற இரைச்சல் என்பதில்லை. கோயில் வாயிலில் சொல்லற்ற தாளத்தில் ஒன்றும் திரள் பண்பாடாகவும், கூரையின்கீழ் அதே செயல் சீரழிவாகவும் மதிக்கப்படுவது ஓசையைக் கேட்டு எழுந்த தீர்ப்பு ஆகாது.

இந்தியத் திரைப்படத்திற்கு இவ்விசை புதிதன்று. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் தாளக்கருவியையும் பேஸ் கருவியையும் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து வெளியிட்டார். சிகாகோவில் 1987இல் தோன்றிய ஆசிட் ஹவுஸ் இசையை அது வியக்கத்தக்க வகையில் ஒத்திருப்பது 2010இல் மறுபதிப்பு வந்த பின்னரே உலகுக்குத் தெரிந்தது. அதே 1982இல் வெளிவந்த இந்திப் படம் ‘டிஸ்கோ டான்சர்’ பெருவெற்றி கண்டது. அதன் தமிழாக்கம் ஆனந்த் பாபு நடித்த ‘பாடும் வானம்பாடி’ (1985). இத்தலைப்பு மாற்றம் ஒரு விளம்பர உத்தி மட்டுமன்று. மூலத்தின் இரு சொற்களுள் ஒன்று இசைவகை, மற்றது ஆடுவோன். தமிழில் இரண்டும் மறைந்தன. ஆடுவோன் பாடும் பறவையானான். ஆட்டத்தைப் பாட்டாக மொழிபெயர்த்தால்தான் தமிழ்ப் பார்வையாளர் ஏற்பர் என்னும் எண்ணத்தை இதில் காணலாம். பாட்டு என்றால் சொல். சொல் இருந்தால் மதிப்பு. பிற்கால இந்திப் படங்கள் வேறு வழியை எடுத்தன. ‘கோ கோவா கான்’ (2013) கோவாத் தீவொன்றின் இரவு ஆட்டத்தில் புதுப் போதைமருந்து உண்டோரைப் பிணமனிதர்களாக்கியது. நகைச்சுவைப் படமே ஆயினும் ஆடுகளம் பற்றிய பொதுக்கருத்து அதில் நேரடியாக வெளிப்பட்டது.

தமிழில் ஆடுகளத்தின் மொழிச் சிக்கலைத் தீர்த்த இடம் ஒன்று உண்டு. மணிரத்னத்தின் ‘ஆய்த எழுத்து’ (2004) படத்தில் வரும் ‘யாக்கை திரி’ என்னும் பாடலே அது. இசை ஏ.ஆர். ரகுமான், சொல் வைரமுத்து. களம் நகரத்து இளைஞர் ஆடும் டிஸ்கோ. அங்கு ஆங்கிலக் கலப்போ பொருளற்ற அசைச்சொற்களோ வரும் என எதிர்பார்க்கும் செவிக்கு யாக்கை என்னும் பழஞ்சொல் வியப்பூட்டுகிறது. சொல்லின் பழமை மட்டும் இதன் சிறப்பன்று. தொடரமைப்பு அதனினும் முக்கியம். பாடலின் பெரும்பகுதி பெயர்ப்பயனிலைத் தொடர்களால் ஆனது. ஒரு பெயர் எழுவாய், மற்றொரு பெயர் பயனிலை; அடுத்துக் காதல் எழுவாய், வேறொரு பெயர் பயனிலை. வினைமுற்று அரிது, உருபு அரிது, இணைப்புச்சொல் அரிது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் உரைநடைத் தொடர் இவ்விடத்தில் ஓர் இணைப்பு வினையை வேண்டி நிற்கும். தமிழ் அதனை வேண்டுவதில்லை. இரு பெயர்களை அடுத்தடுத்து வைத்தாலே தொடர் முற்றுப்பெறும். அவ்வாறு வைக்கப்பட்ட ஒவ்வொரு பெயரும் ஒரு தாள அடியாகிறது. காலம், இடம், எண் காட்டும் விகுதிகள் இன்மையால் நிகழ்ச்சி எதுவும் கூறப்படுவதில்லை. ஆடுகளத்திலும் நிகழ்ச்சி இல்லை, மீட்சியே உண்டு.

பாடலில் சொல் புரியவில்லை, இசைக்கருவி சொல்லை மூழ்கடிக்கிறது என்னும் குறை 1990களிலிருந்து தமிழில் திரும்பத் திரும்பக் கூறப்பட்டு வருகிறது. சில பாடல்களுக்கு அது பொருந்தும். ஆனால் சொல்லின் தெளிவையே ஒற்றை அளவாகக் கொண்டால் ‘யாக்கை திரி’ செய்த வேலை கண்ணுக்குப் படாது. அது தாளத்தின்மேல் சொல்லை ஏற்றவில்லை. தமிழ்த்தொடரைத் தாளத்தின் அளவுக்குக் குறைத்தது.

காட்சியமைப்போ பாடலின் உயரத்தை எட்டவில்லை. ஆடுவோர் திரள் இருக்கிறது, ஒளி இருக்கிறது. ஆனால் கேமரா சித்தார்த், திரிஷா இருவரையே நாடுகிறது. மற்றையோர் அவர்கள் காதலுக்குப் பின்புலமாகின்றனர். குரவையாக எழுதப்பட்ட பாடல் கூத்தாகப் படமாக்கப்பட்டது எனலாம். ஆடுகளத்தையே பொருளாகக் கொண்டு, அதில் பெயரற்று ஆடும் பலரையும் தலைமக்களாகக் கொண்டு ஒரு தமிழ்ப்படம் வருமாயின், அதற்கு வேண்டிய தொடரிலக்கணம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. கேமராவுக்கு உரிய இலக்கணமே எஞ்சியுள்ளது.