ஆட்டக்காரரின் குரல்

ஏறக்குறைய ஆறு வருடம் ஒரு வரிகூடப் பாடாமல் ஓர் இசைக்குழுவின் மேடையில் இருந்தவர் கீத் ஃப்ளின்ட். கையில் வாத்தியமும் கிடையாது. 'தி பிராடிஜி' குழுவில் அவருக்கு இருந்த ஒரே வேலை ஆடுவது. அவருடைய குரலின் ருசி அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் பிரெயின்ட்ரீ என்று ஓர் ஊர். 1989 வாக்கில் அங்கே 'தி பார்ன்' என்ற கிளப்பில் இசைத்தட்டு ஓட்டிக்கொண்டிருந்தார் லியம் ஹவ்லெட். விடிய விடிய ஆடும் ரேவ் கூட்டத்தில் ஒருவராக வந்த கீத், ஒரு கேசட் பதிந்து தரும்படி அவரிடம் கேட்டார். கேசட்டின் மறுபக்கத்தில் லியம் தன் சொந்த மெட்டுகளையும் போட்டுக் கொடுத்தார். மேலே, தன்னிடமிருந்த மூக் சிந்தசைசரின் பெயரான 'பிராடிஜி'யை எழுதியிருந்தார். கீத்தும் நண்பர் லீராய் தோர்ன்ஹில்லும் அதைப் போட்டு ஆடிப் பார்த்துவிட்டு, 'நீ மேடையில் வாசி, நாங்கள் ஆடுகிறோம்' என்று போய் நின்றார்கள். கேட்டவர் ஆட வந்தார். ஆட வந்தவர் மேடையேறினார். கூட்டத்திலிருந்து ஓர் ஆள் அப்படியே மேலே ஏறிவிட்டார் என்ற உணர்வு கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

பிறகு 1996. குழுவின் 'ஃபயர்ஸ்டார்ட்டர்' பாட்டு முதலில் வெறும் வாத்திய இசையாகத்தான் இருந்தது. தி பிரீடர்ஸ் குழுவின் பாட்டொன்றிலிருந்து வெட்டியெடுத்த கிட்டார் கீறல், ஆர்ட் ஆஃப் நாய்ஸ் குழுவிடமிருந்து எடுத்த ஒரு 'ஹே' அதட்டல், அடியில் முரட்டு டிரம்ஸ். அதைக் கேட்ட கீத், இதற்கு நான் வார்த்தை போடுகிறேன் என்றார். அதற்கு முன் அவர் பாட்டெழுதியவரல்லர்.

காதில் மாட்டிக்கொண்டு நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். மெட்டு என்று சொல்ல ஏதுமில்லை. சுருதி சேர்ந்து நீளும் ஒரு நாதம் கிடையாது. இரண்டு மூன்று சொல், உடனே நிறுத்தம். மறுபடி இரண்டு மூன்று சொல். அந்த நிறுத்தத்தில்தான் நயம் இருக்கிறது. தேர்ந்த பாடகர் அந்த இடைவெளியை ஒரு கார்வையால் நிரப்பியிருப்பார். கீத் அதைத் தாளத்துக்கு விட்டுவிட்டு ஒதுங்குகிறார். எப்போது காலை ஊன்றுவது, எப்போது எடுப்பது என்று உடம்புக்குத் தெரிந்திருந்ததை நாக்கு கற்றுக்கொண்டுவிட்டது. தலைப்புச் சொல்லை அவர் உச்சரிப்பதும் அப்படித்தான். நடுவில் 'ட்'டை ஓங்கி மிதிக்கிறார். கடைசி 'ர்' எஸ்ஸெக்ஸ் பேச்சு வழக்கில் கரைந்து, வாய் திறந்தபடியே ஒரு 'ஆ'வில் நிற்கிறது.

வால்டர் ஸ்டெர்ன் இயக்கிய அதன் வீடியோ கறுப்பு வெள்ளை. லண்டனில் 1994இல் மூடப்பட்ட ஆல்ட்விச் நிலத்தடி ரயில் நிலையத்தின் சுரங்கப்பாதையில் எடுத்தது. நடு உச்சியை மழித்து இரு பக்கமும் முடியைக் கொம்பாக நிறுத்தியிருக்கிறார் கீத். கண்ணைச் சுற்றி மை, நாக்கில் உலோகக் குமிழ். இத்தனையும் வேஷம்தான். ஆனால் வேஷம் கட்டிய எல்லோராலும் இப்படிப் பயமுறுத்திவிட முடியாது. கேமரா நோக்கி முகத்தைக் கொண்டு வருகிறார், சட்டென்று பின்வாங்குகிறார். கழுத்து ஒரு பக்கம் வெட்டிக்கொள்ள, கண் மட்டும் நம்மை விடுவதில்லை. மிரட்டுபவரே மிரண்டிருப்பது போல ஒரு நடுக்கம் அதில் ஓடுகிறது. எனக்கு அந்தக் காட்சியில் பிடித்ததே அந்த நடுக்கம்தான். பி.பி.சி.யில் ஒளிபரப்பானபோது குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று புகார்கள் வந்தன. பாட்டு மூன்று வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டு 'பிரீத்' என்ற பாட்டும் வந்தது. 1997இல் வந்த ஆல்பம் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் முதலிடம் பிடித்தது.

மேடைக்கு வெளியே இருந்த ஆள் வேறு. டிஸ்லெக்ஸியாவோடு பள்ளியில் தடுமாறி, பிறகு கூரை வேலை பார்த்தவர். மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். அவருடைய பந்தய அணிக்காக ஓட்டிய இயன் ஹட்சின்சன், 2015இல் ஐல் ஆஃப் மேன் டி.டி. போட்டியின் இரண்டு சூப்பர்ஸ்போர்ட் பந்தயங்களையும் வென்றார். பிளெஷி என்ற கிராமத்தில் கொஞ்ச காலம் ஒரு பப் நடத்தினார் கீத். குளிருக்கு அவர் கணப்பில் நெருப்பு மூட்டக் குனிந்தால், 'நெருப்பு வைப்பவன்' என்று பொருள்படும் 'ஃபயர்ஸ்டார்ட்டர்' பாட்டை வைத்து யாராவது ஜோக் அடிக்காமல் இருப்பார்களா? அடித்தவர் தர்ம உண்டியலில் ஒரு பவுண்ட் போட்டாக வேண்டும். நாடே அஞ்சிய அந்த உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு, மண்டியிட்டு விறகை அடுக்கும் இந்த மனிதரைப் பார்க்கும்போது எனக்கு அவர்மேல் பிரியம் கூடுகிறது.

2019 மார்ச் 4 அன்று எஸ்ஸெக்ஸில் தன் வீட்டில் காலமானார். வயது 49.

2022இல் குழு மீண்டும் மேடையேறியது. 'ஃபயர்ஸ்டார்ட்டர்' முறை வந்தபோது அவர் இடத்தில் நின்று பாட யாரையும் அவர்கள் கொண்டுவரவில்லை. இருட்டில் லேசர் கோடுகள் ஓர் உருவத்தை வரைந்தன. தலை, அதன் இரு பக்கமும் கொம்பு போல முடி. கீழே கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது.