சென்னிகுளத்துச் சிந்தும் அதன் மறுபிறவிகளும்

சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் 1865இல் பிறந்து 1891இல் மறைந்தவர் அண்ணாமலை ரெட்டியார். ஒரு புலவரின் எழுத்தை இளமைக்காலம், முதிர்ந்த காலம் என்று வகுத்துப் பேசும் வழக்கம் இவரிடம் செல்லாது. இருபத்தாறு வயதுக்குள் வாழ்க்கையே முடிந்துவிட்டதால் இவர் பாடியதெல்லாம் இளமைக்காலப் பாட்டுத்தான். அவற்றுள் காவடிச் சிந்து ஒன்று மட்டும் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடப்பட்டு வருகிறது. சங்கரநாராயணர் கோயில் திரிபந்தாதி, கோமதி அந்தாதி, கருவை மும்மணிக்கோவை, வீரைத் தலபுராணம், வீரை நவநீத கிருஷ்ணசாமி பதிகம் ஆகியவற்றை ஆய்வாளர்கள் அல்லாமல் வேறு யாரும் புரட்டுவதில்லை. வாழ்ந்துகொண்டிருக்கிற சிந்தும் முழுதாக வாழவில்லை. அதற்கு அச்சில் ஒரு பிறவி, கச்சேரி மேடையில் ஒரு பிறவி, இசைத்தட்டில் ஒரு பிறவி. ஒவ்வொன்றும் அதன் ஓர் உறுப்பைக் காப்பாற்றி இன்னோர் உறுப்பைக் கைவிட்டது.

நடையில் பிறந்த பாட்டு

ரெட்டியார் சேற்றூர் அரண்மனையின் ஆதரவில் தமிழ் கற்று, பிறகு திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரிடமும் உ.வே.சாமிநாதையரிடமும் பாடம் கேட்டவர். இலக்கணப் பயிற்சியில் குறை சொல்ல முடியாதவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரைத் தம் அவைக்கு அழைத்துக்கொண்டார். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநெடுகப் பாடுவதற்காக ரெட்டியார் பாடியவையே இந்தச் சிந்துகள் என்பது வழிவழிச் செய்தி.

பாட்டின் கட்டமைப்பும் இதற்குச் சான்று சொல்கிறது. அடிகள் குறுகியவை, எதுகையும் இயைபும் அடுத்தடுத்து விழுகின்றன, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடத் தோதான இடங்களில் வரி முறிகிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தத்தைக் காதில் வாங்கியவர் அதைச் சாலையில் நடப்பவனின் மூச்சுக்குத் தக்கபடி வெட்டியிருக்கிறார். பொருளிலும் ஒரு போக்கு உண்டு. கழுகுமலையின் நகர்வளம், கோயில், வாவி, அடியார் கூட்டம் என்று வெளியே தொடங்கி, தலைவி பாங்கியிடம் மனம் திறக்கும் அகப்பாடலுக்குள் நூல் நுழைகிறது. பக்தியும் சிருங்காரமும் ஒரே காவடியின் இரு பக்கமாகத் தொங்குகின்றன. ஆகவே இதை உதிரிப் பாடல்களின் மூட்டையாகக் கருதுவது தவறு. வரிசையோடு கேட்கவேண்டிய ஒரு தொடர் இது.

அச்சும் புலமையும்

சிந்து என்ற வடிவத்துக்குப் புலவர் சபையில் மதிப்பு உயர்ந்திருக்கவில்லை. நொண்டிச் சிந்து, வழிநடைச் சிந்து ஆகியவற்றோடு, கொலை, வெள்ளம், ரயில் விபத்து என்று அன்றாடச் செய்தியைப் பாட்டாக்கிய கொலைச்சிந்து வகையும் சந்தைகளில் மலிவு விலையில் விற்றது. குஜிலிப் பதிப்புகள் எனப்பட்ட இந்த உலகத்தை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் ஆராய்ந்திருக்கிறார். மடத்தில் படித்த ஒருவர் அந்த வடிவத்தை எடுத்து யாப்பு நுட்பத்தின் உச்சிக்குக் கொண்டுபோனது அக்காலத்தில் சிறிய காரியமல்ல. அதன் பலன் அடுத்த தலைமுறையில் தெரிந்தது. எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதி 1912இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகத்தை வெளியிட்டபோது நொண்டிச் சிந்தையே காப்பியத்தின் வாகனமாக்கினார்.

ரெட்டியாரின் சிந்தைப் பதிப்பித்தவர்களில் கு. அழகிரிசாமி முக்கியமானவர். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த அவருக்கு இந்த மெட்டுகள் வீட்டுச் சொத்து. புதுச்சேரியின் இரா. திருமுருகன் ‘சிந்துப் பாடல்களின் யாப்பிலக்கணம்’ வழியே இந்த வடிவத்துக்கு முறையான இலக்கணம் வகுத்தார். அசை, சீர், தனிச்சொல் ஆகியவற்றைத் தாளத்தோடு வைத்துப் பார்த்தாலொழியச் சிந்தின் கணக்குப் பிடிபடாது என்பதை நிறுவியது அவருடைய பெரும்பணி.

ஆனால் அச்சு காப்பாற்றியது சொல்லைத்தான். இதே வட்டாரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் வெளிவந்தது. கமகக் குறிகளோடு, ஒவ்வொரு அசைவையும் தாளில் ஏற்றிய நூல் அது. கழுகுமலை எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்ட ஊர். அரண்மனைச் சங்கீதத்துக்கு இத்தனை நுட்பமான சுரக்குறிப்பு கிடைத்த காலத்தில், அதே ஜமீனின் மலைமுருகன் மேல் பாடிய சிந்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. மெட்டு பாடுகிறவர்களின் தொண்டையிலேயே தங்கிற்று.

மேடை தந்ததும் எடுத்ததும்

1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலம் முதல் தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் இடம் கேட்கும் குரல் வலுத்தது. பழைய பாடல்களுக்குப் புது உயிர் கொடுக்க இரண்டு வழிகள் கையாளப்பட்டன. மெட்டு மறைந்துபோன இடத்தில் புதிதாக மெட்டமைப்பது ஒன்று. அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களுக்கு அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் செய்தது இதைத்தான். இன்று அவை அவருடைய மெட்டிலேயே பரவலாகப் பாடப்படுகின்றன. கதை நிகழ்த்தும் கலைகளின் வழியே பாடலைக் காப்பது மற்றொன்று. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் கதாகாலட்சேபத்தில் வளர்ந்து, 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகரும் நடித்த திரைப்படங்கள் வரை வந்தது.

காவடிச் சிந்துக்கு இந்த இரண்டும் முழுமையாக நேரவில்லை. மக்கள் வாயில் மெட்டு உயிரோடு இருந்ததால் புதிதாக மெட்டுப் போடும் அவசியம் எழவில்லை. செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி, புன்னாகவராளி போன்ற ராகங்களின் சாயலில், திஸ்ர நடையின் துள்ளலோடு அது கச்சேரிக்குள் வந்தது. வந்த இடம் கடைசிப் பந்தி. ராகம் தானம் பல்லவி முடிந்து, ரசிகர்கள் செருப்பைத் தேடத் தொடங்கும் நேரத்தில் பாடும் துக்கடா. தேர்ந்த சில பாடல்கள், அவற்றிலும் ஒன்றிரண்டு கண்ணிகள். பாடகர்களின் குரல் நயத்தால் அந்தச் சில பாடல்கள் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் தொடர் அறுந்தது. ஊர்வலத்தில் நாகசுரக்காரர் காவடிச் சிந்து மெட்டை எடுத்தால் கூட்டத்தின் காலே தாளம் போடும். சபாவில் தாளம் தொடையில் அடங்கிவிடுகிறது.

மூன்று நிமிட வாழ்வு

கிராமபோன் கம்பெனி இந்தியாவில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தது 1902இல். ரெட்டியார் மறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அவர் குரலைக் கேட்கும் வாய்ப்பு மயிரிழையில் தவறியது என்றே சொல்லலாம். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சம்தான் அடங்கும். பல கண்ணிகள் கொண்ட சிந்து அந்த அளவுக்கு நறுக்கப்பட்டது. பிற்பாடு கேசட் வந்தபோது நேரத் தட்டுப்பாடு தீர்ந்தது. ஆனால் பக்திப் பாடல் கேசட்டுகளின் வெள்ளத்தில் சிந்து ‘முருகன் பாடல்’ என்ற பொதுப்பெயருக்குள் கரைந்தது. பாடியவர் படம் அட்டையில் இருக்கும். இயற்றியவர் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். ஸ்டுடியோவில் கீபோர்டும் ரிதம் பேடும் நடையை இயந்திரக் கணக்கில் கட்டிப்போட்டன. காவடி சுமப்பவன் மேட்டில் தளர்ந்து இறக்கத்தில் விரையும் அந்த ஏற்றத்தாழ்வு பதிவில் ஏறவில்லை.

இளமைப் பாடலை மீட்ட சிலர்

கவனிப்பாரற்ற ஆரம்பகாலப் பாடல்களை மறுபடி மேடையேற்றுவது உலகில் பலரும் செய்து பார்த்த காரியம். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி, 1960களில் எழுதி யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத தம் பாடல்களைத் தம் இசைக்குழுவோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டு புதிதாகப் பதிவு செய்தார். ‘டாய்’ என்ற அந்த ஆல்பம் அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து 2021இல்தான் வெளிவந்தது. பழைய பாட்டைத் தூசு தட்டியதோடு நில்லாமல், மேடையில் பழகிய குழுவின் சூட்டோடு அதைப் பாடியதே அந்தப் பதிவின் பலம்.

நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு முத்துசுவாமி தீட்சிதர். 1835இல் எட்டயபுரத்தில் மறைந்த அவர், இளமையில் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது கேட்ட ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் எழுதினார். ஏறக்குறைய நாற்பது நோட்டுஸ்வரப் பாடல்கள் இப்படி உண்டாயின. நெடுங்காலம் அவை குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் பாடமாக மட்டும் கிடந்தன. அமெரிக்காவில் வாழும் கன்னிகேசுவரன் போன்றோர் மூல மெட்டுகளைத் தேடி ஒப்பிட்டுச் சேர்ந்திசையாகப் பாடவைத்த பிறகே, தீட்சிதரின் இசைவாழ்வில் அவற்றின் இடம் என்ன என்ற பேச்சு வளர்ந்தது. ஆய்வும் பதிவும் கைகோத்தால்தான் மீட்பு நிலைக்கும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

எப்படிப் பதிவு செய்யலாம்

ரெட்டியாருக்கு வேண்டியது இத்தகைய கச்சேரிப் பதிவுதான். அது சில நிபந்தனைகளை நிறைவேற்றியாக வேண்டும். முதலாவது, காவடிச் சிந்து நூல் வரிசையில், கண்ணி குறையாமல் பாடப்பட வேண்டும். இரண்டாவது, மெட்டு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு பாடலுக்கும் சொல்ல வேண்டும்: காவடிக் குழுவின் வாய்மொழியா, நாகசுர மரபா, சபா வழக்கா என்று. ஒரே பாடலுக்கு மூன்று மெட்டுகள் கிடைத்தால் மூன்றையும் பாடலாம். மூன்றாவது, எடுத்துப் பாடுபவரும் வாங்கிப் பாடும் கூட்டமும் இருக்க வேண்டும். கைத்தட்டலையும் காலடியையும் சத்தம் என்று ஒதுக்கிவிடாத ஒலிப்பொறியாளர் அதற்கு வேண்டும்.

நான்காவது நிபந்தனை மறந்துபோன நூல்களைப் பற்றியது. திரிபந்தாதி ஓதிப் பொருள் விரிக்கும் நூல். ஒவ்வோர் அடியிலும் முதலெழுத்து மாற, அடுத்துவரும் எழுத்துகள் அப்படியே மீண்டு வேறு பொருள் தரும். சிந்துபோல் அதைத் துள்ளலாகப் பாட முடியாது. ஆனால் நம் கச்சேரி மரபிலேயே அதற்கு வழி இருக்கிறது. தாளமில்லாமல் ராகத்தில் விருத்தம் பாடிவிட்டுப் பாட்டுக்குள் நுழைவது நெடுநாள் பழக்கம். சங்கரநாராயணர் மேலும் கோமதி அம்மன் மேலும் பாடிய அந்தாதிச் செய்யுள்களை விருத்தமாக எடுத்து, அதே ராகத்தில் சிந்தைத் தொடரலாம். புலவரின் மடத்துக் கல்வியும் சாலைப் பாட்டும் ஒரே மூச்சில் கேட்கும். ஒரே ஆள்தான் இரண்டையும் எழுதினார் என்பது அப்போதுதான் காதுக்கு விளங்கும்.

இதற்கு ஏற்ற இடம் சங்கரன்கோவில். புலவரின் ஊர் பக்கத்தில். கழுகுமலை சுமார் 20 கிலோமீட்டர். ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்துக்குப் பாட்டு கேட்கும் பொறுமை உண்டு. ஊரில் காவடி எடுத்த முதியவர்களிடம் மெட்டு கேட்டுப் பதிவது முதல் வேலை, மேடை அடுத்தது. கையில் இருக்கும் செல்போனே அந்த முதல் வேலைக்குப் போதும். உங்கள் வீட்டுத் திண்ணையில் காவடிச் சிந்து பாடத் தெரிந்த தாத்தாவோ ஆச்சியோ இருந்தால், இந்த வாரமே உட்காரவைத்து எல்லாக் கண்ணிகளையும் பாடச் சொல்லிப் பதிவு செய்துவையுங்கள்.