வேலை விளம்பரத்தில் விடுபட்ட ஒரு வரி

அக்கா மகள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஆர்க் படிக்கிறாள். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. போன வருஷம் அவள் வகுப்புக்குத் தட்பவெப்பமும் கட்டடமும் பற்றிய பாடம் எடுத்தவர் பாதியில் வேலையை விட்டுப் போய்விட்டார். டிசைன் எடுக்கும் இன்னொருவர் பழைய குறிப்பை வாசித்து மிச்சத்தை முடித்தார். "ஈரப்பதம் அளக்கிற மீட்டர் இருக்கு மாமா. பீரோவுல பூட்டியிருக்கு. சாவி எங்கேன்னுதான் யாருக்கும் தெரியல" என்றாள்.

அந்த இடத்துக்கு ஆள் கேட்டு வந்த விளம்பரத்தைப் பார்த்தேன். அப்புறம் ஆர்வத்தில் இதே மாதிரி வேறு பல விளம்பரங்களையும் தேடிப் படித்தேன். நான் கட்டடக்கலை படித்தவனல்ல, மென்பொருள்காரன். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் பல வருஷமாகக் கேள்வி கேட்டும் இருக்கிறேன், பதில் சொல்லி முழித்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதும் குறிப்பு இது.

விளம்பரம் எதைக் கேட்கிறது?

பி.ஆர்க், எம்.ஆர்க், கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு, இத்தனை வருஷ அனுபவம், இத்தனை கட்டுரைகள். சிறப்புத் துறை என்ற இடத்தில் "கட்டடத் தொழில்நுட்பம் / செயல்திறன்" என்று ஒரு சொல். அவ்வளவுதான். நகர வடிவமைப்புக்கு ஆள் எடுத்தாலும் இதே விளம்பரம்தான், அந்தச் சொல் மட்டும் மாறும்.

இதற்குக் காரணம் கல்லூரியின் சோம்பல் மட்டுமில்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சில்தான் படிப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கிறது. 1983 விதிகளில் 8 மாணவருக்கு ஓர் ஆசிரியர். 2020 விதிகளில் அது 10 மாணவருக்கு ஒருவர் என்றானது. வகுப்புக்கு 40 பேர், ஐந்து வருஷப் படிப்பு என்றால் 200 மாணவர். முன்பு 25 ஆசிரியர் வேண்டும், இப்போது 20 போதும். குறைகிற ஐந்து பேர் யாராக இருப்பார்கள்? டிசைன் ஸ்டுடியோவில் கைவைக்க முடியாது, அதுதான் இந்தப் படிப்பின் உயிர். ஒரு பாடத்துக்கு மட்டும் தேவைப்படுகிற ஆள்தான் முதலில் போவார் என்பது என் ஊகம்.

2020 விதிகளில் "கட்டட அறிவியலும் பயன்பாட்டுப் பொறியியலும்" என்று ஒரு பாடத் தொகுதியே இருக்கிறது. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஆய்வுக்கு வருகிறவர் தலையை எண்ணலாம், பட்டத்தைச் சரிபார்க்கலாம். அந்தத் தொகுதியை நடத்துகிறவர் வாழ்நாளில் ஒரு கட்டடத்தையாவது அளந்திருக்கிறாரா என்பதை எந்தப் படிவத்திலிருந்து தெரிந்துகொள்வார்?

டெல்டாவில் இது ஏன் பெரிய விஷயம்?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. நம் பக்கம் வெப்ப-ஈர மண்டலம். அதற்கு நம்மிடம் ஒரே சொல்லில் பெயர் இருக்கிறது: புழுக்கம். வெயில் வேறு, புழுக்கம் வேறு. வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் தெர்மாமீட்டர் பெரிதாக ஒன்றும் சொல்லாது, ஆனால் வேர்வை காயாது. அங்கே வெப்பநிலையைவிடக் காற்றோட்டம்தான் பேசும். ராஜஸ்தானத்துக்குச் சரியாக வருகிற கனத்த சுவர், சின்ன ஜன்னல் வைத்தியத்தைக் கும்பகோணத்தில் செய்தால் வீட்டுக்காரர் திட்டுவார்.

சூரியனும் அப்படித்தான். தஞ்சாவூர் ஏறக்குறைய 10.8 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை இங்கே நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். டெல்லியில் ஒருநாளும் அப்படி நிற்காது. தெற்குச் சுவருக்கு நிழல் கொடுத்தால் போதும் என்று வடக்கத்திப் புத்தகத்தை வைத்து நடத்துகிறவர், நம் ஊருக்குத் தவறாக நடத்துகிறார்.

அடுத்தது கூரை. 2018-இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதி, கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. உள்ளும் புறமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே அந்த எண். மேலே ஒன்றும் போடாத ஆறு அங்குல ஆர்.சி.சி. தளத்துக்குக் கணக்குப் போட்டால் 3-க்கு மேல் வரும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு. ஒவ்வொன்றிலும் 300 சதுர அடி காங்கிரீட் கூரை. குடிசை போய் நல்ல வீடு வருவதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அந்தத் தளத்தின் மேல் குறைந்த செலவில் என்ன போடலாம் என்று அளந்து சொல்ல மாவட்டத்துக்கு ஓர் ஆசிரியராவது வேண்டாமா?

நாங்கள் அளந்தது

பீரோ திறக்காததால் நானே இரண்டு லாக்கர் கருவிகள் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் ஊர் வீட்டில் முன்கட்டு நாட்டு ஓடு, முற்றம். பின்கட்டு அப்பா பிற்காலத்தில் போட்ட தளம். ஆளுக்கொன்றாக இரண்டிலும் மே மாதம் மாட்டினோம். "பழைய வீடுன்னா குளுகுளுன்னு இருக்கும்" என்பதுதான் என் எண்ணம். அது பாதிதான் சரி. உச்சி வெயிலில் ஓட்டுக் கட்டும் நன்றாகவே சுட்டது. ஆனால் பொழுது சாய்ந்ததும் மளமளவென்று இறங்கியது. தளம் போட்ட அறையோ பகலெல்லாம் வாங்கிய சூட்டை நடுராத்திரி வரை விட்டுக்கொண்டே இருந்தது. மனிதர் தூங்குகிற நேரத்தில்தான் வித்தியாசமே. இரண்டு கருவி, ஒரு வீடு: இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா மகள் அந்த இரண்டு கோடுகளைப் பார்த்துக் கேட்ட கேள்விகளை, அவள் வகுப்பில் யாரிடமும் கேட்க முடியவில்லை.

ஆள் எங்கே கிடைப்பார்?

கல்லூரிக்காரர்களின் பதில் இதுவாகத்தான் இருக்கும். நியாயமான பதில், ஆனால் முழுசும் உண்மையில்லை. பக்கத்தில் திருச்சி என்.ஐ.டி.யில் ஆற்றல் சிக்கனக் கட்டடக்கலைக்கென்றே எம்.ஆர்க் நடக்கிறது. நாகப்பட்டினத்துப் பழைய வீடுகளை அளந்து தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை 2012-இல் எனர்ஜி அண்ட் பில்டிங்ஸ் இதழில் வந்திருக்கிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தினர் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆட்களிடமே கேட்டு, இந்தியருக்கு எந்த வெப்பம் சௌகரியம் என்று ஒரு கணக்கு உருவாக்கினார்கள். அது 2016 விதித்தொகுப்பிலும் ஏறிவிட்டது. அவர்கள் கேட்டது அலுவலகத்தில் இருப்பவர்களை. மதியம் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு எது சௌகரியம் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. அதை எடுத்துச் செய்ய டெல்டாவில் வேலை பார்க்கிற ஆசிரியரைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆக, ஆள் இல்லை என்பதைவிட, அந்த ஆளை அடையாளம் காணும் கேள்வி விளம்பரத்தில் இல்லை என்பதே என் குறை. எங்கள் துறையில் செயல்திறன் பார்க்க ஆள் எடுத்தால் முதலில் கேட்பது: "எதை அளந்தீங்க, என்ன தெரிஞ்சுது, என்ன மாத்தினீங்க?" இதை ஒரே வரியாக விளம்பரத்தில் சேர்க்கலாம்: "நீங்கள் அளந்த ஒரு கட்டடத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பவும்." செலவு கிடையாது, எந்த விதியும் தடுக்காது. நேர்காணலில் அந்த ஏப்ரல்-ஆகஸ்ட் சூரியனைப் பற்றி ஒரு கேள்வி. வேலைக்கு வந்தவருக்கு வாரத்தில் ஒருநாள் வெளியே போய் அளக்க நேரம். அப்புறம், பீரோ சாவி.

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டினால் முதல் வேலையாக மீட்டரை வைத்து ஈரம் பார்க்கிறார்கள். 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டை அங்கேயே நிற்கும், எத்தனை சண்டை பார்த்திருக்கிறோம். நெல்லுக்கு இவ்வளவு பார்க்கிற ஊரில், அந்த நெல்லை விளைவித்தவர் படுக்கிற அறைக்கும் யாராவது ஒரு மீட்டர் வைத்துப் பார்க்கலாம்.