சனது இல்லாத பயணம்

பயண நூல் என்பது ஒருவகைச் சாட்சியம். சென்றேன், கண்டேன், இன்னார் வாயிலாகக் கேட்டேன் எனும் மூன்று உறுதிகளின்மீதுதான் அது நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் தமிழில் வெளிவரும் பயணக் கட்டுரைகளை, சிறப்பாக நம் சமுதாயத்தார் எழுதும் ஹஜ், உம்ரா, ஜியாரத்துப் பயணக் கட்டுரைகளைப் படித்து வரும் நமக்கு, இம்மூன்று உறுதிகளும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவது தெளிவாகத் தெரிகிறது. நடையில் பிழையில்லை, செய்திக்கும் குறைவில்லை. எழுதியவரைத்தான் கட்டுரைக்குள் எங்கும் காண முடியவில்லை. மதீனத்து வீதியில் அவருடைய கால் வலித்ததா, வழி தவறினாரா, வழி காட்டியவர் எந்நாட்டவர் என்பதற்கெல்லாம் ஒரு வரி விடை கிடைப்பதில்லை. பலவற்றைச் செயற்கை நுண்ணறிவு எனும் கணிப்பொறி எழுதித் தந்திருக்கிறது என்பதைப் பயின்ற வாசகர் எளிதில் உணர்வர். இந்நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வது நேர்மை. தரைவழிப் பயணம் அருகியதற்குக் கணிப்பொறி காரணமன்று. 1957-ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டனிலிருந்து புறப்பட்ட பேருந்து ஒன்று துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக ஜூன் மாதத்தில் கல்கத்தாவை வந்தடைந்தது. அதன் பின் இருபது ஆண்டுக் காலம் ஐரோப்பிய இளைஞர் ஆயிரக்கணக்கில் அந்தத் தரைவழியில் கீழ்நாடுகளுக்கு வந்தனர். 1979-இல் ஈரானில் நிகழ்ந்த புரட்சியும், அவ்வாண்டின் இறுதியில் சோவியத்துப் படை ஆப்கானிஸ்தானுள் புகுந்ததும் அவ்வழியை அடைத்தன. 2017-இல் கோயம்புத்தூர்ப் பெண்மணிகள் சிலர் மியான்மர் வழியாகக் காரோட்டி இலண்டன் சென்றனர்; 2021-இல் மியான்மரில் நிகழ்ந்த இராணுவப் புரட்சிக்குப் பின் கீழைவழியும் பயணிகளுக்கு அரிதாயிற்று. 2025 ஏப்ரலில் அட்டாரி எல்லைச் சாவடியும் மூடப்பட்டது. நம்மவர் இரயிலேறிப் பம்பாய் சென்று, முஸாஃபிர்கானாவில் தங்கி, ஜித்தாவுக்குக் கப்பலேறிய ஹஜ்ஜுப் பயணமும் 1995-உடன் முடிவுற்றது. இன்று சில மணி நேர வானூர்தியில் போய் இறங்குகிறோம். இவற்றில் பல வசதிகள் இறைவனின் அருட்கொடைகளே, மறுப்பதற்கில்லை.

ஆனால் வழி சுருங்கிய இடத்தில் ஒரு வெற்றிடம் தோன்றியது. முன்னைய ஹாஜி ஒருவர் ஊர் திரும்பினால், திண்ணையில் அமர்ந்து நாற்பது நாட்கள் கதை சொல்ல அவரிடம் பொருள் இருந்தது. இன்று திரும்புபவரிடம் நிழற்படங்கள் உள. சொல்வதற்கு வழி இல்லை. வழியே இல்லாதவர் வழியைப் பற்றி எழுத முற்படும்போதுதான் கணிப்பொறியை நாடுகிறார். நோயின் மூலம் முன்பே இருந்தது. பொறி அதற்குப் போர்வையாயிற்று.

வழி என்பது என்ன என்பதை அறிய நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் திருச்செங்கோட்டில் எந்தத் தெருவிலும் அதனைக் கேட்கலாம். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. ரிக் வண்டியும், குழாய்களைச் சுமக்கும் துணை லாரியும் இணையாகப் புறப்பட்டு மராட்டியம், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் எனத் தரைவழியே சென்று, மாதக் கணக்கில் வேலை செய்து திரும்பும். அருகிலுள்ள சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலால் வாழும் ஊர்கள். காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் சேலம், நாமக்கல் வழியாகவே ஓடுகிறது. இவ்வட்டாரத்துப் பழைய டிரைவர்கள் வரைபடம் இன்றி இந்தியாவை அறிந்தவர்கள். எந்த மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும், எந்த ஊர்ப் பாலம் மழைக்காலத்தில் மூழ்கும், எங்கே நள்ளிரவில் பஞ்சர் ஒட்டித் தருவார்கள் என்பதெல்லாம் அவர்களுடைய நெஞ்சில் பதிந்திருந்தன.

இவ்வறிவு அவர்களுக்கு எப்படி வந்தது? கிளீனராக ஏறி, ஆண்டுக் கணக்கில் டிரைவரின் பக்கத்தில் அமர்ந்து, பார்த்தும் கேட்டும் திட்டு வாங்கியும் பெற்ற அறிவு அது. வடநாட்டு லாரிகளில் கிளீனர் தம் டிரைவரை ‘உஸ்தாது’ என்றே அழைப்பார். மதரஸாவில் ஓதிய நமக்கு இச்சொல்லில் வியப்பில்லை. உஸ்தாதிடமிருந்து மாணவர், அவரிடமிருந்து அவர்தம் மாணவர் எனத் தொடரும் அறிவுச் சங்கிலியைத்தான் நம் மார்க்க மேதைகள் ‘சனது’ என்றனர். சாலைக்கும் ஒரு சனது இருந்திருக்கிறது.

இனி நம் முன்னோர் பயணத்தை எவ்வாறு மதித்தனர் என்பதைக் காண்போம். பூமியில் சென்று முந்தையோரின் முடிவை உற்றுநோக்குமாறு திருமறை பல இடங்களில் பணிக்கிறது. கல்வி தேடிச் செல்லும் பயணத்திற்கு ‘ரிஹ்லா’ எனும் தனிப்பெயரே உண்டு. ஹதீஸ் தேடிய பயணங்களைப் பற்றி மட்டுமே கதீபுல் பக்தாதீ (ரஹ்) ஒரு தனி நூல் யாத்தார். அருமை நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு ஹதீஸுக்காக ஒரு மாதத் தொலைவு பயணம் செய்து, அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களைக் கண்டதை இமாம் புகாரீ (ரஹ்) தம் தொகுப்பின் கல்விப் பகுதியில் குறித்துள்ளார்கள். இதில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அந்த நபிமொழி ஜாபிர் (ரலி) அவர்களுக்குப் பிறர் வாயிலாக முன்னரே எட்டியிருந்தது. செய்தி கையில் இருந்தும் அவர்கள் ஒட்டகம் வாங்கிச் சாம் தேசம் சென்றது, அதைத் தம் செவியால் கேட்டவரிடமே கேட்பதற்காக. ஒரு பொத்தானை அழுத்தினால் செய்தி வந்து விழும் காலத்தில், செய்தி வேறு, சான்று வேறு என்பதை இதனினும் தெளிவாக நமக்குக் கற்பிக்கும் வரலாறு இல்லை.

அப்படியாயின் இப்பொறியை நம் கலையின் அளவுகோலால் அளந்து பார்ப்போம். ஓர் அறிவிப்பாளரிடம் நம் முஹத்திஸுகள் இரண்டு தகுதிகளைத் தேடினர். ஒன்று ‘அதாலத்’ எனும் நேர்மை. மற்றொன்று ‘ளப்து’ எனும் பிசகாத நினைவு. செயற்கை நுண்ணறிவு மாந்தர் எழுதிய கோடானுகோடிப் பக்கங்களைப் பயின்று, ஒரு சொல்லுக்கு அடுத்து வரத்தக்க சொல் எது எனக் கணித்துக் கணித்து வாக்கியம் அமைக்கும் பொறி. நேர்மை, நேர்மையின்மை எனும் பேச்சே அதற்குப் பொருந்தாது; பொய் சொன்னால் நாணுவதற்கோ, மறுமையில் விடை கூறுவதற்கோ அங்கு ஆள் இல்லை. பரந்த கொள்ளளவு உண்டு. ஆயினும் இருவேறு செய்திகளைக் கலந்து ஒன்றாக்கித் தரும் ‘இக்திலாத்’ எனும் குறை அதனிடம் உண்டு. எவரிடமிருந்து பெற்றது என்பதை மறைக்கும் ‘தத்லீஸ்’ எனும் குறையும் உண்டு. சான்று கேட்டால் சில வேளை இல்லாத சான்றைப் படைத்தும் கொடுக்கிறது. 2023-இல் நியூயார்க்கு நகர வழக்கறிஞர் இருவர் இப்பொறி தந்த தீர்ப்புகளை மேற்கோளாக நீதிமன்றத்தில் வைத்தனர். அத்தகைய தீர்ப்புகளே உலகில் இல்லை எனத் தெரிந்து, 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சனது இல்லாத செய்தியை நாம் ஒதுக்கி வைக்கலாம். பொய்ச் சனதுடன் வரும் செய்தி ஒதுக்கப்படாமல் உள்ளே வந்து அமர்ந்து விடுகிறது.

‘மனிதப் பயணிகள் மட்டும் பொய் சொல்லவில்லையா?’ என ஒருவர் வினவலாம். தக்க வினா. 1325-இல் தாஞ்சியர் நகரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, ஏறத்தாழ முப்பதாண்டு உலகைச் சுற்றி வந்து, தம் பயணத்தைச் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதினார். 1355-இல் நூல் நிறைவுற்றது. அதில் திமஷ்கு, மக்கா பற்றிய வருணனைகளில் பல, அதற்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் முன்னர்ப் பயணம் செய்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. பல்கார் நாட்டுக்குச் சென்றதாகச் சொல்வதையும் ஆய்வாளர் ஐயுறுகின்றனர். ஆனால் இக்குறைகளை நாம் எப்படி அறிந்தோம்? கடன் கொடுத்தவருக்குப் பெயர் இருந்தது. அவர் நூல் தனியே நின்றது. இரண்டையும் ஒப்பிட முடிந்தது. மனிதனின் பொய்க்கு முகவரி உண்டு. பல்லாயிரம் நூல்களை ஒரே மாவாக அரைத்துத் தரும் பொறியின் பிழையை எந்த ஏட்டோடு ஒப்பிடுவது?

அதே இப்னு பதூதா நம் தமிழ் மண்ணுக்கும் வந்தவர். மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் அவருக்கு மணவழி உறவினர். அந்தச் சுல்தான் சிறைப்பட்டோரிடமும் அவர்தம் பெண்டு பிள்ளைகளிடமும் காட்டிய கொடுமையைக் கண்ட அவர், உறவென்றும் தம் சமயத்தவர் என்றும் பாராமல் வெறுத்துக் கண்டித்து எழுதினார். புகாராவில் அறிஞர்களின் அடக்கவிடங்களில் எழுதி எடுத்த குறிப்புகளைக் கடற்கொள்ளையரிடம் இழந்தமையையும் மறைக்காமல் சொன்னார். கண்டதற்குச் சாட்சி சொல்லும் துணிவும், இழந்ததை இழந்தேன் எனும் பணிவும் ஒரு நெஞ்சிலிருந்து வர வேண்டியவை. நூலில் ஆங்காங்கே கடன் வரிகள் இருந்தும் அவரை இன்றும் நாம் நம்பிப் படிப்பதற்கு இவ்விரண்டும் காரணம்.

அவருக்கும் மூன்று நூற்றாண்டு முன்னர், ஏறத்தாழ 1030-இல், இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பீரூனீ, கேள்விச் செய்தி கண்ணால் கண்டதற்கு ஈடாகாது என்பதைக் கொண்டே தம் நூலைத் தொடங்கினார். மனிதர் பொய்ச் செய்தி சொல்வதற்குத் தன்னலம், பகை, அச்சம் எனப் பல காரணங்களையும் எண்ணினார். அறியாமையால் பிறர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதும் அவற்றுள் ஒன்று. பொறிக்குத் தன்னலமும் இல்லை, பகையும் இல்லை. இவ்விறுதி வகை மட்டும் அதற்கு மிகப் பொருந்துகிறது.

இது வெறும் ஏட்டுக் கவலையன்று. 2023 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பயணப் பகுதியில், கணிப்பொறியின் துணையால் ஆக்கப்பட்ட கட்டுரை ஒன்று கனடாவின் ஒட்டாவா நகரில் காணத்தக்க இடங்களுள் ஏழைகளுக்கு உணவு வழங்கும் அறநிலையத்தையும் சேர்த்து, வெறும் வயிற்றோடு செல்லுமாறு பரிந்துரைத்தது. நேரில் ஒருமுறை சென்று அவ்வாயிலில் நின்ற எவரும் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். அதனினும் கொடியது 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் நிகழ்ந்தது. கைப்பேசி வரைபடத்தைப் பின்பற்றிச் சென்றதாகக் கூறப்படும் கார் ஒன்று, முன்னைய வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்தின்மேல் ஏறி, இராமகங்கை ஆற்றில் வீழ்ந்து மூவர் மாண்டனர். தடுப்பு வைக்காத அதிகாரிகள்மீதும் குற்றம் சாட்டப்பட்டது. பழி முழுவதும் பொறியின்மீது இல்லை. ஆயினும் பாலம் அறுந்த செய்தியை அவ்வட்டாரத்து மாடு மேய்ப்பவரும் அறிந்திருப்பார். வண்டியை நிறுத்தி ஒருவரிடம் கேட்கும் வழக்கம் நம்மை விட்டுப் போனதன் விலை சில வேளை உயிராகவும் இருக்கிறது.

பொறியே தீது என்பது நம் கருத்தன்று. உஸ்துர்லாபு எனும் கருவியைக் கொண்டு தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் கணித்த சமுதாயம் நாம். மொழி தெரியாத மாநிலத்தில் நம்மூர் ரிக் தொழிலாளி தன் நோயை மருத்துவருக்கு எடுத்துச் சொல்லக் கைப்பேசி மொழிபெயர்த்து உதவுமாயின், அதை வாழ்த்தவே வேண்டும். கருவி வழித்துணையாக இருக்கட்டும். சாட்சியாக அதனை அமர்த்துவதைத்தான் நாம் மறுக்கிறோம். பயணக் கட்டுரைக்குப் பொறியிடம் கைநீட்டிப் பழகிய பிள்ளை, நாளை மார்க்க மஸ்அலாவுக்கும் அதனிடமே கைநீட்டும். அது தரும் ஹதீஸ் எந்தக் கிதாபில் உளது, அறிவித்தவர் யார் எனக் கேட்கவும் மறந்துவிடும். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இந்தச் சமுதாயம் காத்து வந்த கேள்வி அது. இக்கேள்வி நம் இல்லங்களில் மறையுமானால், இழப்பு ஓர் இலக்கிய வகையோடு நிற்காது.

ஆகவே பெற்றோருக்கும் எழுதுவோருக்கும் நாம் வைப்பது சிறு வேண்டுகோளே. அடுத்த முறை நாகூருக்கோ ஏர்வாடிக்கோ குடும்பத்தோடு செல்லும்போது, ஒரு வழியேனும் பேருந்திலோ இரயிலிலோ பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஓரிடத்திலேனும் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, வழியைப் பிள்ளையே ஒரு மனிதரிடம் சலாம் கூறியோ வணக்கம் கூறியோ கேட்கட்டும். வீடு திரும்பிய பின் அது எழுதும் கட்டுரையில் ஊரின் சிறப்பு இரண்டு வரி குறைந்தாலும் குற்றமில்லை. வழி சொன்னவர் யார், என்ன வேலை செய்து கொண்டிருந்தார், எந்தச் சொல்லால் வழி காட்டினார் என்பது இருக்கட்டும். உம்ராச் சென்று வந்து எழுதும் பெரியோரும் தம்முடன் தவாஃப் செய்த ஓர் அந்நிய நாட்டவரின் முகத்தையேனும் எழுதட்டும். நடை தடுமாறலாம், ஒற்றுப் பிழையும் இருக்கலாம். பிழை திருத்த ஆசிரியர்கள் இருக்கிறோம். காணாததைக் கண்டதாக்க எங்களால் இயலாது. வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குக் காணும் கண்ணையும், கேட்டதைக் கேட்டவாறே சொல்லும் நாவையும் அருள்வானாக.