ஜெயிக்கிற மாப்பிள்ளை

ஒரே ஒரு அலறலால் அமெரிக்க ஜனாதிபதி ஆகும் வாய்ப்பைக் கோட்டைவிட்டவர் என்று ஹோவர்ட் டீனைப் பற்றி ஒரு கதை உண்டு. நீங்களும் கேட்டிருக்கலாம்.

டீன் ஒரு டாக்டர். வெர்மான்ட் என்கிற குட்டி மாநிலத்தில் 1991 முதல் 2003 வரை கவர்னர். 2004 தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நிற்க ஆசைப்பட்டார். ஜனவரி 19, 2004 இரவு, அயோவா மாநிலத்தில் தொண்டர்கள் முன்னால் மைக்கைப் பிடித்து, அடுத்து எந்தெந்த மாநிலத்துக்கெல்லாம் போகப்போகிறோம் என்று மூச்சுவிடாமல் பட்டியல் போட்டார். கடைசியில் ‘யா...!’ என்று ஒரு கத்தல். டி.வி.க்காரர்கள் நாலே நாளில் அதை அறுநூறு தடவைக்கு மேல் போட்டுக் காட்டினார்கள். ஆசாமி காலி.

நல்ல கதைதான். ஆனால் உண்மை வேறு. டீன் மேடை ஏறும்போதே தோற்றாகிவிட்டது. கெர்ரிக்கு 38 சதவிகிதம், எட்வர்ட்ஸுக்கு 32, டீனுக்கு வெறும் 18. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே பழம் விழுந்த பிறகுதான் காக்கையே வந்தது. அதிலும் அந்த மைக் பிடித்தவரின் குரலை மட்டும் வாங்கி, கூட்டத்தின் கூச்சலை வடிகட்டிவிடுகிற ரகம். ஹாலே அதிர்ந்துகொண்டிருந்தபோது அதற்கு மேல் கத்தியவர், டி.வி.யில் தனியாகக் கத்துகிறவர் மாதிரி தெரிந்தார்.

அப்படியானால் எதனால் தோற்றார்? இதுதான் கத்தலைவிட சுவாரஸ்யமான விஷயம்.

அயோவாவில் அப்போது ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஓட்டுப்பெட்டியில் சீட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. குளிர்கால ராத்திரியில் ஏதாவது பள்ளிக்கூடத்துக்கோ சர்ச் ஹாலுக்கோ போய், தன் வேட்பாளருக்கான மூலையில் எல்லோரும் பார்க்க நிற்க வேண்டும். பெரும்பாலான இடங்களில், 15 சதவிகிதம் ஆள் சேராத மூலை கலைக்கப்படும். கலைந்தவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து ‘இங்க வாங்க’ என்று இழுப்பார்கள். அதாவது, தேர்தலே ஒரு நேருக்கு நேர் வாக்குவாதம்.

வாதத்தின் மையத்தில் இருந்தது இராக் யுத்தம். டீன் ஆரம்பத்திலிருந்தே அதை எதிர்த்தவர். கெர்ரியும் எட்வர்ட்ஸும் அக்டோபர் 2002-ல் செனட்டில் புஷ்ஷுக்கு யுத்த அதிகாரம் கொடுத்து ஓட்டுப் போட்டவர்கள். 2004 ஜனவரி வரை, சொன்ன பேரழிவு ஆயுதங்கள் எதுவும் கிடைக்கவில்லை. அந்த வகையில் டீன் சொன்னதுதான் சரி என்று அப்போதே தெரிந்துவிட்டது. இன்டர்நெட் வழியாகச் சாதாரண ஜனங்கள் அனுப்பிய சின்னச் சின்னத் தொகைகளையே பெரிதும் நம்பி, 2003 முடிவதற்குள் 4 கோடி டாலர் சேர்த்திருந்தார்.

வாக்காளர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘அவர் சொல்றது சரிதாங்க. ஆனா, ஜெயிக்க மாட்டாரே!’

டீனோடு ஊர் சுற்றினேன், கெர்ரியைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்கிற பொருளில் ஒரு வாசகம்கூட அப்போது புழங்கியது. கெர்ரி வியட்நாமில் மெடல் வாங்கியவர். தேசப் பாதுகாப்பு விஷயத்தில் புஷ் இவர் மேல் கைவைக்க முடியாது என்று கணக்குப் போட்டார்கள்.

பொருளாதார மேதை கெய்ன்ஸ் 1936-ல் ஒரு அழகிப் போட்டியை உதாரணம் சொன்னார். பத்திரிகையில் நூறு போட்டோ. அதில் மிக அழகான ஆறு முகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற வாசகர்களின் ரசனையோடு யாருடைய பட்டியல் ஒத்துப்போகிறதோ அவருக்குப் பரிசு. உடனே என்ன ஆகும்? யாரும் தனக்குப் பிடித்த முகத்தைப் பார்க்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு எது பிடிக்கும் என்று யோசிப்பார்கள். மற்றவர்களும் அதையேதான் செய்துகொண்டிருப்பார்கள். கடைசியில் யாருடைய ரசனையும் இல்லாத ஒரு முகம் ஜெயிக்கலாம்.

கணக்கு பலித்ததா? மார்ச் 2004-ல் கெர்ரி, இராக் செலவுக்கான 8,700 கோடி டாலருக்கு முதலில் ஆதரவாகவும் பிறகு எதிராகவும் ஓட்டுப் போட்டதாகத் தன் வாயாலேயே சொல்லி மாட்டிக்கொண்டார். ஆகஸ்டில் அவருடைய வியட்நாம் சேவையையே சந்தேகித்து டி.வி. விளம்பரங்கள் வந்தன. எது கவசம் என்று நினைத்தார்களோ அங்கேயே அடி விழுந்தது. நவம்பரில் புஷ்ஷுக்கு 286 தேர்வாளர் ஓட்டு, கெர்ரிக்கு 251.

டீன் நின்றிருந்தால் ஜெயித்திருப்பாரா? சொல்ல முடியாது. வாய்த்துடுக்கு உள்ளவர். அயோவாவில் கெப்பார்ட்டும் அவரும் மாறி மாறிச் சேறு பூசிக்கொண்டதில் இருவருமே கீழே போனார்கள். அவருடைய ஆதரவாளர்கள் மேலும் எனக்கு ஒரு புகார் உண்டு. வெளிமாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து, ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு அயோவாக்காரர்களின் கதவைத் தட்டினார்கள். தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட உற்சாகத்தை ஊரின் உற்சாகம் என்று நம்பிவிட்டார்கள். கைதட்டல் வேறு, ஓட்டு வேறு.

ஆக, ஒரு கோஷ்டி தன் மனசையே ஊர் மனசு என்று நினைத்தது. மறு கோஷ்டி ஊர் மனசைக் கற்பனை செய்து, தன் மனசைக் கைவிட்டது. இரண்டாவது தப்புதான் பெரிது என்பேன். ‘ஜெயிப்பாரா?’ என்று கேட்பதே பாவம் என்று சொல்லவில்லை. எதிரே நிற்கிறவரை இறக்கியே ஆக வேண்டும் என்றால் கேட்கத்தான் வேண்டும். ஆனால், அது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். யுத்தம் சரியா, தப்பா என்பதற்கு உங்கள் கையில் தகவல் இருக்கிறது. பத்து மாதம் கழித்து ஒஹையோவில் முகம் தெரியாத ஒருத்தர் என்ன நினைப்பார் என்பதற்கு என்ன இருக்கிறது? ஜோசியம்தான்.

டீன் 2005-ல் கட்சித் தலைவரானார். ஐம்பது மாநிலத்திலும் வேலை செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தார். அவர் போட்ட இன்டர்நெட் பாதையில் அடுத்து வந்தவர் ஒபாமா. 2002-லேயே யுத்தத்தை எதிர்த்துப் பேசியவர். கறுப்பர், புதியவர், ஜெயிக்க மாட்டார் என்று அவரையும்தான் சொன்னார்கள். ஜனவரி 3, 2008 அன்று, பெரும்பாலும் வெள்ளையர்கள் வசிக்கும் அதே அயோவா அவரை முதலிடத்தில் நிறுத்தியது.

2024-ல் அயோவாவின் அந்த முதல் மரியாதையைக் கட்சி பிடுங்கி சவுத் கரோலினாவுக்குக் கொடுத்துவிட்டது. எந்த மாநிலம் முதலில் வந்தால் என்ன? கேள்விகள் வரிசை மாறாமல் வந்தால் சரி.