வேத சோதிடம்: பெயரும் வரலாறும்

வேத சோதிடம் என்பது இலக்கினம், இராசிகள், பன்னிரு வீடுகள், கோள்களின் நிலை ஆகியவற்றைக் கொண்டு பலன் கணிக்கும் இந்திய முறைக்கு இன்று வழங்கும் பெயராகும். 'வேத' என்ற அடைமொழி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலானது. இம்முறையின் வரலாற்றோடு இவ்வடைமொழி முழுமையாகப் பொருந்தவில்லை.

வேதாங்க சோதிடம்

வேதத்தின் ஆறு அங்கங்களுள் சோதிடமும் ஒன்று. அத்துறையில் கிடைக்கும் மிகப் பழைய நூல் இலகதரின் பெயரால் வழங்கும் வேதாங்க சோதிடம். வேள்விக்கு உரிய காலத்தை அறிவதே அதன் நோக்கம். 1830 நாட்கள் கொண்ட ஐந்தாண்டு யுகம், திதி, 27 நட்சத்திரங்கள் ஆகியவை அதன் அடிப்படை. பிறப்பு இலக்கினத்துக்கும் பன்னிரு வீடுகளுக்கும் அதன் கணக்கில் இடமில்லை.

யவனத் தொடர்பு

சாதகக் கணிப்பு கிரேக்க மரபிலிருந்து இந்தியாவுக்கு வந்தது என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. சமசுகிருதத்தில் கிடைக்கும் மிகப் பழைய சாதக நூல்களுள் ஒன்றின் பெயரே 'யவனசாதகம்'. 1978இல் அதைப் பதிப்பித்த டேவிட் பிங்கிரி அதன் காலத்தை கி.பி. 269/270 என்றார். பில் மாக் 2013இல் இதை மறுத்தார். காலம் குறித்த இவ்விவாதம் நூலின் கிரேக்கத் தொடர்பை மாற்றவில்லை.

6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சாதகம் மேடத்தைக் 'கிரிய' என்றும் இடபத்தைத் 'தாவுரி' என்றும் குறிக்கிறது. இவை கிரேக்கத்தின் 'கிரியோசு', 'தௌரோசு' என்பவற்றின் திரிபுகள். தமிழகச் சோதிடர்கள் இன்றும் வழங்கும் ஓரை, கேந்திரம் ஆகிய சொற்களும் கிரேக்க மூலம் உடையவை. 'அகோராத்திர' என்ற சொல்லின் முதலும் கடையும் கெட்டு 'ஹோரா' ஆயிற்று எனச் சிலர் கூறுவதையும் வராகமிகிரர் குறிப்பிடுகிறார். வந்த சொல்லுக்கு உள்நாட்டு வேர் தேடும் போக்கு அன்றே இருந்தது. எனினும், சோதிடம் அறிந்த யவனர் முனிவரைப் போல் மதிக்கப்படுவதாகப் பிருகத் சங்கிதையில் அவரே எழுதியுள்ளார்.

மதிப்பீடு

இந்தியச் சோதிடம் வெறும் நகல் அன்று. சந்திரன் நின்ற நட்சத்திரத்தைக் கொண்டு திசைகளைக் கணக்கிடும் விம்சோத்தரி முறை இந்திய ஆக்கம். நட்சத்திரங்கள் அதர்வண வேதத்திலேயே பட்டியலிடப்பட்டுள்ளன என ஆதரவாளர்கள் கூறுவதும் உண்மையே. ஆனால் சடங்குக்கு நல்ல நேரம் பார்ப்பது வேறு. பிறந்த நேரத்தைக் கொண்டு ஒருவரின் வாழ்வைக் கணிப்பது வேறு. 'வேத சோதிடம்' என்ற பெயர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இக்குழப்பம் ஏட்டோடு நிற்பதில்லை. செவ்வாய் தோசம் வீடுகளில் செவ்வாய் நிற்கும் இடத்தைக் கொண்டு சொல்லப்படுவது. வீடுகள் என்ற கருத்தே வேதாங்க சோதிடத்தில் இல்லாதபோது, அதன் பெயரால் ஒரு பெண்ணின் திருமணத்தைத் தடுப்பதற்கு வேதத்தைச் சான்று காட்ட முடியாது. ஒரு முறை பழையது என்பதும் அது சரியானது என்பதற்குச் சான்றாகாது.