சொல்லற்ற சுரமும் சுரமற்ற சொல்லும்: குடுமியான்மலைக் கல்வெட்டும் குழுப்பாடல் பதிவும்

ஆய்வுச் சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் உள்ள இசைக் கல்வெட்டு, மாணவர் நலன் கருதிச் சுரங்களைப் பொறித்து வைத்தது. அதில் பாடற்சொல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தமிழ் நாட்டார் பாடல் தொகுப்புகளில் பெரும்பாலானவை சொற்களை அச்சிட்டன; அவற்றில் சுரம் இல்லை. இவ்விரு பதிவுகளும் பாடக் கற்பதற்கு ஏன் போதவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பல்கேரிய நாட்டின் பல்குரல் நாட்டார் பாட்டு கற்கப்படும் முறை ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகிறது. குழுப்பாடலில் சொல்லும் சுரமும் மட்டுமன்றிக் குரல்களுக்கு இடையிலான உறவும் பதிவாக வேண்டும் என்பதும், அதற்கான முன்மாதிரி சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலேயே உண்டு என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: குடுமியான்மலை, நாட்டார் பாடல், பல்குரல் பாட்டு, பின்பாட்டு, ஒப்பாரி, ஆய்ச்சியர் குரவை

முன்னுரை

ஒரு பாடலைப் பதிவு செய்தல் என்பது எதைப் பதிவு செய்தல் என்ற வினா தமிழ் நாட்டார் வழக்காற்றியலில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. பாடலின் சொற்கள் கிடைத்துவிட்டால் பாடலே கிடைத்துவிட்டது என்னும் எண்ணம் களப்பணியிலும் பாடத்திட்டத்திலும் வேரூன்றியுள்ளது. அச்சிட்ட தொகுப்பைக் கையில் கொண்டு அதிலுள்ள நடவுப் பாட்டையோ கும்மியையோ பாடிவிட முடியுமா என்று சோதித்தால் இவ்வெண்ணத்தின் குறை புலப்படும். இக்குறையை ஆராய்வதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் பொருத்தமான களம். இசையைக் கற்பிப்பதற்கென்றே எழுதப்பட்ட மிகப் பழைய இந்தியச் சான்றுகளுள் ஒன்று இம்மாவட்டத்துப் பாறையில் உள்ளது. அதே மாவட்டத்தின் வயல்களிலும் முளைப்பாரித் திடல்களிலும் எவரும் எழுதிவைக்காத குழுப்பாடல்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்கப்பட்டு வந்துள்ளன.

1. கல்லில் உள்ளதும் இல்லாததும்

குடுமியான்மலைக் குடைவரையை ஒட்டிய பாறைப் பரப்பில் பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்த இசைக் கல்வெட்டு 1904இல் கண்டறியப்பட்டது. பி.ஆர். பண்டார்கர் இதனை எபிகிராஃபியா இண்டிகா பன்னிரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என ஏழு பிரிவுகளில் சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. ருத்ராசாரியரின் மாணாக்கனும் சிவநெறியாளனுமாகிய ஓர் அரசன் மாணவர் நலனுக்காக இதனைச் செய்தான் என்ற செய்தி இறுதியில் உள்ளது. அரசனின் பெயர் கூறப்படவில்லை. அவன் முதலாம் மகேந்திரவர்மனே என்ற கருத்து நெடுங்காலம் நிலவிப் பின்னர் மறுக்கப்பட்டது. வடமொழிப் பகுதியை அடுத்து, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று பொருள்படும் ஒரு தமிழ்த் தொடரும் பொறிக்கப்பட்டுள்ளது. திருமயத்திலும் இதனோடு தொடர்புடைய இசைக் கல்வெட்டு பெரிதும் சிதைந்த நிலையில் உள்ளது. பரிவாதினி என்னும் வீணை வகையின் பெயர் இவ்விரு ஊர்களிலும் காணப்படுகிறது.

கல்வெட்டின் சுர எழுத்துகள் உயிரொலி மாறி வருகின்றன. ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்றும் ச, சி, சு, செ என்றும் வடிவம் கொள்கிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளிகள் உள்ளன. உயிர்மாற்றம் சுருதி வேறுபாட்டைக் குறிப்பது என ஒரு சாராரும், வீணை நரம்பை மீட்டும் முறையைக் குறிப்பது என மற்றொரு சாராரும் கொள்வர். பிரிவுத் தலைப்புகளில் நான்கு மீட்டல்களைச் சுட்டும் சொல் வருவதால், ரிச்சர்ட் விட்டெஸ் போன்றோர் வலியுறுத்திய இரண்டாம் கருத்து வலுப்பெறுகிறது. எனினும் எழுத்து முழுமையாகக் கிடைத்தும் அதன் பொருள் விவாதத்துக்கு உரியதாகவே நீடிக்கிறது.

இதற்குக் காரணம் கல்வெட்டின் குறைபாடு அன்று. அது தன் காலத்து மாணவனுக்கு முற்றிலும் போதுமானதாகவே இருந்திருக்க வேண்டும். உயிரொலிக்கும் புள்ளிக்கும் உரிய பொருளை அவன் ஆசிரியரின் விரலசைவிலிருந்து அறிந்திருப்பான். கல் அவனுக்கு நினைவூட்டும் கருவி மட்டுமே. கற்பித்தலின் பாதி கல்லிலும் மறுபாதி மனிதரிடத்தும் இருந்தது. மனிதச் சங்கிலி அறுந்தபின் எஞ்சியது கல்லில் இருந்த பாதி. சுரத்தை எழுதிவைத்தால் பாட்டு நிலைபெற்றுவிடும் என்று கருதுவோர்க்குக் குடுமியான்மலை ஓர் எச்சரிக்கை.

2. அச்சில் ஏறிய பாட்டு

நாட்டார் பாடல் தொகுப்புகள் இதற்கு நேர்மாறான பாதியைக் காத்தன. பெர்சி மக்வீன் திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி', நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' ஆகியவை இத்துறைக்கு அடித்தளமிட்ட நூல்கள். எழுத்தறியா மக்களின் பாட்டும் இலக்கியமே என்பதை நிறுவ வேண்டியிருந்த காலத்தில் சொற்களுக்கு முதலிடம் தந்தது தேவையான செயல். தாலாட்டு, தொழிற்பாடல், ஒப்பாரி என வாழ்க்கைச் சூழலால் பாடல்களை வகுத்ததும், அவற்றில் சமூக வரலாற்றைக் கண்டதும் பெரும் பேறுகள். குறை அம்முன்னோடிகளுடையது அன்று. அவர்கள் தொடக்கமாக வைத்ததைப் பின்வந்தோர் எல்லையாகக் கொண்டதே குறை.

இதன் விளைவைக் கும்மியில் காணலாம். வட்டமாக நின்று கைகொட்டி ஆடும் பெண்களுள் ஒருத்தி அடியெடுத்துத் தர, ஏனையோர் வாங்கிப் பாடுவர். வாங்குவோர் எடுத்தவளின் கடைசி அசையிலேயே நுழைவதும், கைகொட்டு இடைவெளியை நிரப்புவதும் கும்மியின் கட்டமைப்புக் கூறுகள். அச்சில் இவை மறைகின்றன. திரும்ப வரும் அடி ஒருமுறை மட்டும் அச்சாகிறது. அல்லது நட்சத்திரக் குறியாகச் சுருங்குகிறது. பதிப்பாசிரியருக்கு அது கூறியது கூறல். பாடுவோருக்கு அதுவே தம் பங்கு. முன்பாட்டுக்காரியின் பெயரும் வயதும் ஊரும் பின்னிணைப்பில் இடம்பெற, பின்பாட்டுப் பாடிய பத்துப் பெண்கள் பெயரற்றுப் போகின்றனர்.

விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் போன்று ஆய்வாளராகவும் பாடகராகவும் விளங்கியோர் மெட்டை மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் கொண்டுவந்து இக்குறையின் ஒரு பகுதியை நீக்கினர். ஆயினும் ஆய்வேட்டின் வடிவம் பெரிதும் மாறவில்லை. மெட்டு கலைஞரின் பொறுப்பாகவும் சொல் ஆய்வாளரின் பொறுப்பாகவும் பிரிந்தே உள்ளன.

3. பல்கேரியச் சான்று

சொல்லையும் சுரத்தையும் ஒருசேரப் பதிந்தால் போதுமா என்பது அடுத்த வினா. இதற்குப் பல்கேரியா விடை தருகிறது. அந்நாட்டில் நாட்டார் பாடல்கள் இசைக்குறியோடு தொகுக்கப்பட்டன. வாசில் ஸ்டோயின் 1928இல் வெளியிட்ட 'திமோக் முதல் வித் வரை' என்னும் தொகுப்பில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் மெட்டோடு உள்ளன.

அந்நாட்டின் மேற்குப் பகுதியான ஷொப் வட்டாரத்தில் பெண்கள் இருகுரலாகப் பாடுவர். ஒருத்தி பாட்டை நடத்த, மற்றவர்கள் நிலைக்குரலைப் பிடிப்பர். பாடுகுரல் நிலைக்குரலை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. குரலும் துத்தமும் போன்ற அடுத்தடுத்த சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். நெருங்கிய இரு அதிர்வெண்கள் மோதுவதால் எழும் விம்மலே அவ்விசையின் அழகாகக் கொள்ளப்படுகிறது. சோபியா நகரை அடுத்த பிஸ்த்ரித்சா ஊர்ப் பாட்டிகளின் இவ்வகைப் பாட்டும் ஆடலும் சடங்கும் 2005இல் யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டு, 2008இல் மானுடத்தின் தொட்டுணரா மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இப்பாட்டில் மெட்டை அறிந்தவள் பாட்டை அறிந்தவள் ஆகாள். அருகில் நிற்பவளின் சுரம் தன்னை இழுக்கும்போதும் தன் சுரத்தில் நிற்கப் பழகியவளே பாட்டை அறிந்தவள். அப்பழக்கம் தனிமையில் வாராது. அந்நாட்டு இசையை ஆராய்ந்த திமோதி ரைஸ் 1994இல் வெளியிட்ட நூலில், பழைய கிராமச் சூழலில் இசை கற்கப்பட்டதே தவிரக் கற்பிக்கப்படவில்லை என்று விளக்குகிறார். வேலை செய்யுமிடத்திலும் மாலைக் கூடல்களிலும் மூத்தோர் பாடக் கேட்டு, மெல்ல உடன்பாடி இளையோர் தேறினர். துருத்திக்குழல் பயின்ற ரைஸ், மெட்டை அறிந்த பின்னரும் அதன் நுண்ணசைவுகள் தம் விரலில் வாராமல் நெடுங்காலம் இடர்ப்பட்டதையும் பதிவு செய்துள்ளார்.

மறுபுறம், 1951இல் பிலிப் கூதேவ் தலைமையில் அமைந்த அரசு இசைக்குழு கிராமத்துப் பாடகியரைத் தேர்ந்தெடுத்து, பல குரல்களுக்குப் புதிதாக எழுதிய இசையமைப்பை அவர்களுக்குப் பயிற்றியது. மார்செல் செலியே 1975இல் வெளியிட்ட இசைத்தட்டின் வழியாக இவ்வகைப் பாடல்கள் உலகெங்கும் பரவியபோது, கேட்டோர் பலர் அதனையே தொன்மையான கிராமப் பாட்டாகக் கருதினர். எழுதப்பட்ட வடிவம் அழகாகவும் ஆற்றலோடும் அமையலாம். ஆயின் அது தான் எடுத்துக்கொண்ட மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவும் கூடும்.

4. ஒப்பாரியும் உடன்குரலும்

தமிழ் நாட்டார் பாட்டைப் பல்கேரியப் பொருளில் பல்குரல் பாட்டு என்று கூறுதல் பொருந்தாது. சுரநிலைகள் திட்டமிட்டு ஒன்றோடொன்று மோதும் அமைப்பு இங்கு இல்லை. ஆயினும் ஒற்றைக்குரல் பாட்டு என்று அதனை ஒதுக்குவதும் பிழை. ஒப்பாரி இதற்குச் சான்று. இறப்பு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக அமர்ந்து அழும்போது, ஒவ்வொருத்தியும் இறந்தவரோடு தனக்குள்ள உறவைச் சொல்லி, தன் அடியைத் தன் மூச்சின் அளவில் பாடுகிறாள். மகளின் புலம்பலும் மருமகளின் புலம்பலும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. சொல் வேறு, தொடக்கம் வேறு. அசைவும் இழுப்பும் ஒன்று. புதிதாக ஒருத்தி வந்து சேரும்போது அழுகை ஓங்கி, மெல்லத் தணிகிறது.

தொகுப்பாளர் இதனைப் பின்னொரு நாளில் ஒருத்தியை அமர்த்திப் பாடச்செய்து எழுதிக்கொள்கிறார். துயர நாளில் எழுதக் கூடாது என்ற பண்பு கருதி அவ்வாறு செய்வது முறையே. ஆனால் கிடைப்பது பல குரல்களுள் ஒன்று மட்டுமே. அதனை முழு ஒப்பாரியாகக் கொண்டு உவமையும் உருவகமும் ஆராயும்போது, கூட்டுத் துயரத்தின் வடிவம் தனிக்கவிதையாக மாறிவிடுகிறது.

நடவுப் பாட்டின் நிலை இன்னும் நெருக்கடியானது. கண்மாய்ப் பாசன வயல்களில் வரிசையாக நின்று நட்ட பெண்களின் முன்பாட்டும் பின்பாட்டும் குலவையும் அவ்வரிசையைச் சார்ந்தே உயிர்த்தன. நடவு இயந்திரம் இறங்கிய வயலில் அவ்வரிசை இல்லை. முதிய பெண் ஒருத்தி நினைவிலிருந்து சொற்களைத் தந்துவிட முடியும். எதிர்ப்பாட்டைத் தனியொருத்தி தர முடியாது.

5. ஆய்ச்சியர் குரவை காட்டும் வழி

மூன்றாவது கூறாகிய குரல் உறவையும் எழுத்தில் காக்க முடியும் என்பதற்குச் சிலப்பதிகாரம் சான்று. ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு கன்னியரை நிறுத்தி அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளின் பெயர்களை இடுகிறாள். குரல் மாயவனாகவும் இளி பலதேவனாகவும் துத்தம் நப்பின்னையாகவும் அமைகின்றனர். எந்நரம்பு மந்தத்தில், எது சமனில், எது வலிவில் நிற்கும், பாட்டெடுப்பவள் யார் என்பனவும் காப்பியத்தில் இடம்பெறுகின்றன. இது பல்குரல் இசையைக் குறிக்கிறது என்று வலிந்து கூறத் தேவையில்லை. இளங்கோவடிகள் பாடலின் சொற்களோடு நிறுத்தவில்லை என்பதே இங்குக் கொள்ளத்தக்கது. சுரத்தை ஆள் ஏற்கிறாள்; ஆளுக்கு இடம் உண்டு; இடத்துக்கு உறவு உண்டு.

இந்நோக்கில் களப்பதிவு சில கூறுகளைத் தவறாது கொள்ள வேண்டும். எடுப்பவர், வாங்குபவர் ஆகிய அனைவரின் பெயரும் இசைவும், அவர்கள் நின்ற ஒழுங்கும், நுழையும் அசையும், மூச்சுவிடும் இடமும், குலவை எழும் இடமும் குறிக்கப்பட வேண்டும். ஒலிப்பதிவில் கூட்டுக்குரலோடு ஒவ்வொரு பங்கும் தனித்துக் கேட்கும் வகை செய்யப்பட வேண்டும். ஆய்வாளர் அக்குழுவில் பின்பாட்டுக்காரராக நின்று பாடக் கற்பதும் ஆய்வு முறையாக ஏற்கப்பட வேண்டும். பதிவு சரியா என்பதை அறிய அதைவிடச் சிறந்த சோதனை இல்லை. பிழையாக நுழையும் குரலைப் பாடும் பெண்களே திருத்துவர். அத்திருத்தமே அவர்களது இசை இலக்கணம்.

முடிவுரை

குடுமியான்மலையில் சுரம் நிலைத்தது, அதனை மீட்டிய கை மறைந்தது. தொகுப்புகளில் சொல் நிலைத்தது, அதனை வாங்கிப் பாடிய குரல்கள் மறைகின்றன. முதல் இழப்பை மீட்க இனி வழியில்லை. இரண்டாம் இழப்பு இன்னும் முழுமையடையவில்லை. பின்பாட்டை அறிந்த பெண்கள் ஊர்களில் உள்ளனர். நாட்டார் பாடலை இலக்கியமாக நிறுவும் பணி நிறைவுற்ற இக்காலத்தில், அதனைப் பலர் கூடிப் பாடக் கற்கும் கலையாகப் பதிவதே இத்துறையின் அடுத்த கடமை. அப்பெண்கள் ஒருவர் ஒருவராக அன்றிச் சேர்ந்து அமர்ந்து பாடக்கூடிய காலத்திலேயே அது நிகழ வேண்டும்.